கிருமி வந்த வழி

1998 செப்டம்பரில் மலேசியாவின் ஈப்போ நகரை ஒட்டிய பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் காய்ச்சலும் தலைவலியுமாகப் படுக்க ஆரம்பித்தார்கள். சில நாட்களில் நினைவு தப்பியது, வலிப்பு வந்தது. பன்றிப் பண்ணை, மூளைக்காய்ச்சல் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எந்த மருத்துவருக்கும் முதலில் தோன்றுவது ஜப்பானிய மூளைக்காய்ச்சல்தான். அந்த வைரஸ் பன்றியின் உடலில் பெருகி, கொசு வழியாக மனிதருக்கு வரும். ஆகவே கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை.

தடயங்கள் கண்ணெதிரே கிடந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத்தான் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றியைத் தொட்டுப் பிடித்து வேலை செய்த வளர்ந்த ஆண்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் தப்பவில்லை. கொசுதான் காரணம் என்றால், பண்ணைக்குள் போகிறவர், போகாதவர் என்று பார்த்தா அது கடிக்கும்? 1999 மார்ச்சில் ஒரு நோயாளியிடமிருந்து அதுவரை யாரும் அறியாத வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. அவருடைய ஊர் சுங்கை நிபா. வைரஸுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

உண்மையான வழி வேறு. பண்ணைகளை ஒட்டிப் பழமரங்கள் நின்றன. பழந்தின்னி வௌவால்கள் கடித்துப் போட்ட, எச்சில் படிந்த பழத்துண்டுகள் பன்றிகளின் தொழுவத்தில் விழுந்தன. பன்றியின் மூச்சுக்குழலில் வைரஸ் பெருகியது, பன்றி பலமாக இருமியது, அருகில் நின்றவருக்கு ஒட்டியது. நடுவில் இன்னொரு தவறும் நடந்தது: நோய்க்குப் பயந்து விற்கப்பட்ட பன்றிகள் லாரி ஏறித் தெற்கே போயின, வைரஸும் கூடவே போனது. கடைசியில் மலேசியாவில் 265 பேருக்கு மூளைக்காய்ச்சல் வந்து 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்ற பிறகே நோய் அடங்கியது.

தொற்றுநோயைப் பற்றிப் பேசும்போது கிருமியின் கொடூரத்தைத்தான் நாம் அதிகம் பேசுகிறோம். அது பயணப்படும் வழியைத்தான் முதலில் கேட்க வேண்டும். எந்தக் கிருமிக்கும் நாலு காரியம் நடந்தாக வேண்டும்: இருக்கும் உடலிலிருந்து வெளியேற வேண்டும், இடைவெளியைக் கடக்கும்வரை சாகாமல் இருக்க வேண்டும், அடுத்த உடலில் சரியான வாசலைப் பிடிக்க வேண்டும், அங்கே போதுமான எண்ணிக்கையில் போய்ச் சேர வேண்டும். ஒன்று தவறினாலும் சங்கிலி அறுந்துவிடும்.

எண்ணிக்கை என்பது பலரும் கவனிக்காத விஷயம். சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா பாக்டீரியா 10 முதல் 100 வரை உள்ளே போனாலே போதும். காலராவுக்குப் பொதுவாகப் பல லட்சம் முதல் பல கோடி வரை தேவை, ஏனென்றால் இரைப்பையின் அமிலம் அதில் பெரும்பகுதியைக் கொன்றுவிடும். இதனால்தான் ஷிகெல்லா கழுவாத கையின் வழியாகவே வீட்டுக்குள் பரவிவிடுகிறது, காலராவுக்கோ மலம் கலந்த குடிநீர் வேண்டியிருக்கிறது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் காலரா குறைந்த எண்ணிக்கையிலேயே வந்துவிடுவதும் இதே காரணத்தால்தான்.

இடைவெளியைக் கடப்பதில் கிருமியின் மேலுறை முக்கியம். கொரோனா, இன்ஃப்ளுயன்சா, ரேபிஸ் வைரஸ்களுக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. சோப்பு அதைக் கரைத்துவிடும், ஆல்கஹாலும் சிதைத்துவிடும். வாந்தியும் பேதியும் உண்டாக்கும் நோரோவைரஸுக்கு அந்த உறை கிடையாது. ஆகவே கைகளில் தடவும் ஆல்கஹால் திரவம் அதனிடம் அவ்வளவாகச் செல்லாது. சோப்புப் போட்டுத் தேய்த்து, ஓடும் தண்ணீரில் அலசி அதைக் கையிலிருந்தே அப்புறப்படுத்த வேண்டும்.

காற்றில் போகும் கிருமிக்குக் கணக்கு வேறு. இருமும்போது தெறிக்கும் பெரிய எச்சில் துளிகள் சில நொடிகளில், ஒன்றிரண்டு மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடும். 5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 5 பங்கு) அளவுள்ள நுண்துளி, காற்று அசையாத அறையில் முகத்தின் உயரத்திலிருந்து தரைக்கு வர அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும். தட்டம்மையும் காசநோயும் இந்த நுண்துளிகளில்தான் பயணிக்கின்றன. ஓர் அறையின் காற்று மணிக்கு 6 முறை மாறினால், அதில் மிதப்பவற்றில் 99 சதவீதம் வெளியேற 46 நிமிடம் ஆகும். 12 முறை மாறினால் 23 நிமிடம். நோயாளி எழுந்து போன அறைக்குள் அடுத்தவரை உடனே அனுப்பக் கூடாது என்பது இதனால்தான்.

விலங்குகளிடமிருந்து வரும் வழிகளில் மிகவும் நுணுக்கமானது பிளேக்கின் வழி. அதன் பாக்டீரியாவை 1894-இல் ஹாங்காங்கில் அலெக்சாண்டர் யெர்சின் கண்டுபிடித்தார். அதைச் சுமப்பது எலியின் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சி என்று 1898-இல் கராச்சியில் பால் லூயி சிமோன் காட்டினார். நோயுற்ற எலியின் இரத்தத்தோடு பாக்டீரியா தெள்ளுப்பூச்சிக்குள் போகிறது. இரைப்பைக்குச் சற்று முன்னால் உள்ள வால்வு போன்ற இடத்தில் அது பிசுபிசுத்த படலமாகக் கட்டிக்கொண்டு வழியையே அடைத்துவிடுகிறது. அதன் பிறகு பூச்சி எவ்வளவு உறிஞ்சினாலும் வயிறு நிறையாது. பசி தாங்காமல் திரும்பத் திரும்பக் கடிக்கும். உறிஞ்சிய இரத்தம் அடைப்பில் மோதி, பாக்டீரியாவையும் சேர்த்துக்கொண்டு கடிவாய்க்கே திரும்பிப் பாய்கிறது. அடைத்துப் போட்ட அந்தச் சிறு கட்டிதான் ஒரு கடியைப் பல கடிகளாக்குகிறது.

இதில் ஒரு நடைமுறை ஆபத்து ஒளிந்திருக்கிறது. எலி செத்து உடல் குளிர்ந்ததும் தெள்ளுப்பூச்சிகள் அதைவிட்டு இறங்கி, சூடான அடுத்த உடலைத் தேடும். பிளேக் பரவும் இடத்தில் அவசரப்பட்டு எலிகளுக்கு விஷம் வைத்தால், அவற்றின் மேலிருந்த பூச்சிகள் எல்லாம் மனிதர்களை நோக்கி வரும். முதலில் எலி வளைகளிலும் தடங்களிலும் பூச்சிமருந்து தூவித் தெள்ளுப்பூச்சிகளை ஒழிக்க வேண்டும். அதன் பின்னரே எலியில் கை வைக்க வேண்டும். வரிசை மாறினால் தடுப்பு நடவடிக்கையே நோயைப் பரப்பிவிடும்.

ஆந்த்ராக்ஸிலும் அப்படித்தான். அந்த நோயால் செத்த மாட்டைத் திறக்காமல் விட்டால், உள்ளேயிருக்கும் பாக்டீரியாவில் பெரும்பகுதி உடல் அழுகும்போதே அழிந்துவிடும். அறுத்துத் திறந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜன் படும். உடனே பாக்டீரியா தன்னைக் கெட்டியான வித்துகளாக மாற்றிக்கொள்ளும். அந்த வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடந்து மேயவரும் அடுத்த மாட்டைப் பிடிக்கும். திடீரென்று செத்த மாட்டின் மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத இரத்தம் கசிந்தால் அதில் கத்தி வைக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

கிருமி உடலுக்குள் போகும் வழியையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் சிகிச்சைக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை அந்த வழிதான் தீர்மானிக்கிறது. வெறிநாய்க்கடி இதற்குச் சரியான உதாரணம். மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் நாயிடமிருந்து வருகிறது. கடித்த இடத்தில் எச்சிலோடு இறங்கும் வைரஸ் இரத்தத்தில் கலந்து ஓடுவதில்லை. தசையில் நரம்பு முடியும் இடத்தைப் பற்றிக்கொண்டு, நரம்பிழைக்குள் நுழைந்து, நாளொன்றுக்குச் சில சென்டிமீட்டர் என்ற கணக்கில் மேலே ஏறுகிறது. மூளையை அடைய வழக்கமாக இரண்டு மூன்று மாதம் ஆகும். முகத்திலோ கழுத்திலோ கடிபட்டால் தூரம் குறைவு, நாளும் குறைவு. மூளையை அடைந்ததும் அங்கிருந்து நரம்புகள் வழியாகவே எச்சில் சுரப்பிகளுக்கு இறங்குகிறது. நாய்க்கு மூர்க்கம் ஏறுவதும், தொண்டை இறுகி விழுங்க முடியாமல் எச்சில் வழிவதும் வைரஸ் வெளியேறத் தானாகவே வழி அமைத்துக் கொடுக்கின்றன.

நரம்பைப் பிடிக்கும்வரை வைரஸ் வெளியில்தான் கிடக்கிறது. ஆகவே முதல் மருந்து சோப்பும் தண்ணீரும். கடிவாயை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், பதினைந்து நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீளமானது. காயத்தின் மேல் பொடியோ எண்ணெயோ சாறோ பூசக் கூடாது. எரிச்சலும் புண்ணும்தான் மிஞ்சும். தையலைக் கூடியவரை தள்ளிப்போட வேண்டும், ஊசி குத்தும்போது வைரஸை ஆழமாகத் தள்ளிவிடும் அபாயம் உண்டு. தடுப்பூசி போட்டால் உடல் எதிர்ப்பொருளைத் தயாரிக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஆழமான காயங்களுக்கு இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்பொருளைக் காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் செலுத்துகிறார்கள். பெரியவர்களுக்குத் தடுப்பூசி போட வேண்டிய இடம் தோளுக்குக் கீழேயுள்ள மேல்கைத் தசை. பிட்டத்தில் போட்டால் கொழுப்பில் தங்கிச் சரியாக வேலை செய்யாது. கடித்த நாயை 10 நாள் கவனிக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு: எச்சிலில் வைரஸ் வர ஆரம்பித்துவிட்ட நாய் அதற்குள் நோய்க்குறி காட்டி இறந்துவிடும். ஆனால் அந்தப் பத்து நாளும் தடுப்பூசிக்காகக் காத்திருக்கும் நாட்கள் ஆகிவிடக் கூடாது. ஊசியை உடனே ஆரம்பித்துவிட்டு, நாய் நலமாக இருந்தால் நிறுத்திக்கொள்ளலாம். அறிகுறி தோன்றிய பிறகு இந்த நோயில் மருத்துவத்தால் செய்ய முடிவது அநேகமாக ஒன்றுமில்லை. கடித்த அன்றைய ஒரு மணி நேரத்தை வீணாக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

ரேபிஸ் ஒரு மனிதரைக் கொன்றுவிட்டு அவரோடே முடிந்துபோகிறது. அவரிடமிருந்து அடுத்த மனிதருக்குப் போவது மிக மிக அரிது. விலங்கிடமிருந்து தாவும் பெரும்பாலான கிருமிகளின் கதை இதுதான். தாவுவது ஒரு காரியம், தாவிய பின் மனிதரிடையே நிலைப்பது வேறொரு காரியம். ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்கு நோயைக் கொடுக்கிறார் என்பதே இங்கே அளவுகோல். அந்த எண் 2 என்றால், நோய் பத்து முறை கைமாறும்போது ஒருவர் 1,024 பேராகிவிடுவார். 1-க்குக் கீழே போனால் நோய் தானாக அணையும். எதிர்ப்பாற்றல் இல்லாத மக்களிடையே தட்டம்மைக்கு இந்த எண் 12 முதல் 18 வரை. ஆகவே நூறில் 95 பேருக்காவது எதிர்ப்பாற்றல் இருந்தால்தான் அது நிற்கும்.

பறவைக்காய்ச்சல் ஏன் இன்னும் மனிதரிடையே ஊரெங்கும் பரவவில்லை என்பதற்கும் பதில் வாசலில் இருக்கிறது. இன்ஃப்ளுயன்சா வைரஸ் செல்லின் மேலுள்ள ஒரு சர்க்கரை மூலக்கூறைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போகும். பறவைக் குடலில் அந்தச் சர்க்கரை இணைந்திருக்கும் விதம் ஒன்று, மனிதரின் மூக்கிலும் தொண்டையிலும் வேறொன்று. பறவைக்கு ஏற்ற விதம் நமக்கும் உண்டு, ஆனால் பெரும்பாலும் நுரையீரலின் அடியாழத்தில். பறவை வைரஸ் அங்கே இறங்கினால் கடுமையான நிமோனியா வரும். அவ்வளவு ஆழத்திலிருந்து இருமலில் வெளியேறுவதோ கடினம். பன்றியின் மூச்சுக்குழலில் இரண்டு விதமும் இருக்கின்றன. இந்த வைரஸின் மரபணுத்தொகுப்பு எட்டுத் துண்டுகளாக இருப்பதால், ஒரே செல்லுக்குள் இரு வகை வைரஸ்கள் புகுந்தால் துண்டுகள் கலைந்து 256 விதமாகச் சேரலாம். 2009-இல் உலகைச் சுற்றிய எச்1என்1 அப்படிக் கலந்து வந்ததுதான்.

ஒரு நோயாளி எத்தனை பேருக்குக் கொடுக்கிறார் என்பதைப் போலவே, எப்போது பரப்ப ஆரம்பிக்கிறார் என்பதும் முக்கியம். 2003-இல் சார்ஸ் என்ற நுரையீரல் தொற்றின் நோயாளிகள் அறிகுறி வந்து ஒரு வாரத்துக்குப் பின்னரே அதிகம் பரப்பினார்கள். காய்ச்சல் வந்தவரைத் தனிமைப்படுத்தியதும் சங்கிலி அறுந்தது. கோவிட் நோயாளியோ அறிகுறி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரப்பினார். அதே தனிமைப்படுத்தல் அங்கே தாமதமாகவே வந்து சேர்ந்தது.

மனிதரிடமிருந்து விலங்குக்கும் நோய் போகும். கோவிட் வைரஸ் பண்ணை ஆட்கள் வழியாக மிங்க் என்ற சிறு விலங்குகளுக்குப் போய், உருமாறி, மனிதருக்கே திரும்பியது. 2020-இல் டென்மார்க் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மிங்குகளைக் கொல்ல நேர்ந்தது. இப்படி விலங்கிடம் ஒரு புகலிடம் கிடைத்துவிட்டால், மனிதருக்கு மட்டும் தடுப்பூசி போட்டு நோயை ஒழிக்க முடியாது. பெரியம்மையை 1980-இல் ஒழித்ததாக அறிவிக்க முடிந்ததற்கு ஒரு காரணம், அதற்கு விலங்குப் புகலிடம் இல்லாததுதான்.

நரம்புச் சிலந்தி நோய் இதை இப்போதும் காட்டிக்கொண்டிருக்கிறது. குடிநீரில் உள்ள மிகச் சிறு நீர்ப்பூச்சிக்குள் புழுவின் குஞ்சு இருக்கும். அதைக் குடித்தவரின் காலில் ஏறக்குறைய ஓராண்டு கழித்து நீண்ட புழு புண்ணைத் திறந்துகொண்டு வெளிவரும். எரிச்சல் தாங்காமல் அவர் காலைத் தண்ணீரில் வைத்தால் புழு குஞ்சுகளைக் கக்கும். இதற்குத் தடுப்பூசியும் இல்லை, புழுவைக் கொல்லும் மருந்தும் இல்லை. தண்ணீரை மெல்லிய துணியில் வடிகட்டுவது, புண் உள்ளவரைக் குளத்தில் இறங்கவிடாமல் பார்ப்பது ஆகியவற்றைக் கொண்டே 1986-இல் ஏறத்தாழ 35 லட்சமாக இருந்த நோயாளிகள் 2022-இல் 13 பேராகக் குறைந்தார்கள். ஆனால் 2012 முதல் ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் நாய்களிடமும் அதே புழு தென்பட ஆரம்பித்தது. 2019-இல் மட்டும் ஏறத்தாழ 2,000 நாய்கள். நீர்ப்பூச்சியைத் தின்ற மீனின் குடல் வழியாகப் புழு நாய்க்குப் போகலாம் என்பதால், அங்கே மீன் குடலை நாய்க்குப் போடாமல் மண்ணில் புதைக்கிறார்கள், புழு வெளிவரும் காலில் தண்ணீர் படாதபடி நாய்களைக் கட்டிப்போடுகிறார்கள்.