பெயரைச் சொல்லி பிராசஸை நிறுத்தும்போது

காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரி லேப் என்று வைத்துக்கொள்வோம். ஒரே லினக்ஸ் சர்வரில் வகுப்பே லாகின் செய்திருக்கிறது. ஒரு மாணவியின் ஜாவா புரோகிராம் நிற்காமல் சுற்றுகிறது. பிராசஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை, பெயரைச் சொல்லி நிறுத்தும் கட்டளை 'பிகில்'. 'பிகில் ஜாவா' என்று அடிக்கிறாள். அது நின்றுவிடுகிறது. கூடவே, இன்னொரு விண்டோவில் அவள் ஓடவிட்டிருந்த 'ஜாவாசி' கம்பைலரும் நின்றுவிடுகிறது.

ஒரு பிராசஸை நிறுத்த அதற்கு ஒரு சிக்னல் போக வேண்டும். அதை அனுப்பும்போது, சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குத் தெரிய வேண்டியது பிராசஸின் எண்தான். நாம் கொடுக்கும் பெயருக்கு எந்த எண் என்று தேடித் தருவது பிகில் செய்யும் வேலை. லினக்ஸில் அது 'ப்ராக்' டைரக்டரிக்குள் போய், ஓடுகிற ஒவ்வொரு பிராசஸின் பெயரையும் படித்து ஒப்பிடுகிறது. கொடுத்த சொல் பெயருக்குள் எங்கே இருந்தாலும் பொருத்தம்தான். 'ஜாவாசி'க்குள் 'ஜாவா' இருக்கிறதே! பெயர் முழுசாகப் பொருந்த வேண்டுமென்றால் '-எக்ஸ்' சேர்க்க வேண்டும். மற்ற மாணவர்களின் ஜாவாவுக்கு ஒன்றும் ஆகாது, சாதாரண யூசரால் தன் பிராசஸ்களை மட்டுமே நிறுத்த முடியும். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசராக அடித்திருந்தால் வகுப்பு முழுக்கப் போயிருக்கும்.

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரிவதில்லை. லினக்ஸ் கெர்னல் பிராசஸ் பெயரில் 15 எழுத்துதான் வைத்துக்கொள்ளும். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் பெயரை வழக்கமான ஆங்கில எழுத்தில் எழுதினால் சரியாக 15 வரும். அந்தப் பெயரோடு '-1', '-2' என்று சேர்த்து இரண்டு புரோகிராம் ஓடவிட்டால், கெர்னல் வைத்திருக்கும் பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான். '-2' என்று முழுப்பெயர் கொடுத்தால் பிகில் எதையும் கண்டுபிடிக்காது. வாலை விட்டுவிட்டு அடித்தால் இரண்டும் போய்விடும். இதற்கு '-எஃப்' இருக்கிறது. அது முழுக் கட்டளை வரியையும் பார்க்கும். ஆனால் அந்தப் பெயருள்ள ஃபைலை 'விம்' எடிட்டரில் திறந்து வைத்திருந்தால், அந்த விம்மும் போகும்.

அதனால்தான் முதலில் 'பிகிரெப் -எல்' அடித்துப் பாருங்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பிகில் தேடுகிற அதே விதத்தில் தேடி, எண்ணையும் பெயரையும் காட்டும், எதையும் தொடாது. பட்டியல் சரி என்றால் அப்புறம் பிகில்.

எடுத்த எடுப்பில் '-9' வேண்டாம். எதுவும் சொல்லாவிட்டால் போகிற 15-ஆம் சிக்னல், ஃபைலை மூடிவிட்டுக் கிளம்ப புரோகிராமுக்கு இடம் கொடுக்கும். 9 கொடுக்காது.

லினக்ஸில் 'கில்ஆல்' என்ற கட்டளையும் பெயரை வைத்துத்தான் நிறுத்தும். சோலாரிஸ் என்ற இன்னொரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் அதே பெயருள்ள கட்டளை வேறு. ஷட்டவுனுக்காக வைத்திருப்பது, பெயரெல்லாம் பார்க்காது. அங்கே ரூட்டாக அடித்தால் ஓடுகிற பிராசஸ் அத்தனையும் போய்விடும்.