உண்ணிச்செடி அகற்றம்: ஆலோசனைக் குழுவும் தன்னார்வலர்களும் கவனிக்க வேண்டியவை

காட்டு வேலைக்கு ஆள் திரட்டுவது இன்று எளிது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அழைப்பு விடுத்தால் ஐம்பது பேர் வந்து நிற்பார்கள். அடுத்த ஆண்டு மழைக்குப் பின் அதே இடத்துக்கு ஆறு பேர் திரும்பி வருகிறார்களா என்பதில்தான் உண்ணிச்செடி (லண்டானா என்னும் அயல் களைப்புதர்) அகற்றும் பணியின் வெற்றியும் தோல்வியும் இருக்கிறது. அந்தத் திரும்பி வருதலை முன்கூட்டியே எழுத்தில் கொண்டுவர வேண்டிய இடம் ஆலோசனைக் குழு.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இல் 2002 திருத்தத்தின்போது சேர்ந்த 33பி பிரிவின்படி, சரணாலயத்துக்கு ஓர் ஆலோசனைக் குழுவை மாநில அரசு அமைக்க வேண்டும். தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அவர் நியமிக்கும் அதிகாரி தலைவர். தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர், உள்ளாட்சிப் பிரதிநிதிகள் மூவர், தொண்டு நிறுவனங்களிலிருந்து இருவர், வன உயிரினப் பாதுகாப்பில் ஈடுபட்டுள்ள தனிநபர்கள் மூவர் ஆகியோருக்கும் அதில் இடம் உண்டு. குழு எப்படி நடக்க வேண்டும், எத்தனை பேர் இருந்தால் கூட்டம் செல்லும் என்பதையெல்லாம் குழுவே வகுத்துக்கொள்ளலாம். இந்தச் சுதந்திரம் பல நேரம் கூட்டமே நடக்காமல் போவதில் முடிகிறது. ஆகவே முதல் கூட்டத்திலேயே ஆண்டுக்கு இரண்டு கூட்டம் என்று தீர்மானித்துவிடுவது நல்லது: மழைக்கு முன் ஒன்று, தீக்காலம் தொடங்கும் முன் ஒன்று.

தீர்மானத்தின் வாசகத்தில் கறாராக இருங்கள். ‘களைச்செடிகளை அகற்ற ஆவன செய்யப்படும்’ என்று பதிவானால் எதுவும் நடக்காது. எந்தச் சரகம், எந்த பீட் (சரகத்தின் உட்பகுதி), எத்தனை ஹெக்டேர், யார் மேற்பார்வை, மறுசுற்று (அகற்றிய இடத்துக்கே திரும்பி வந்து மீண்டும் களைவது) எந்த மாதங்களில், அதற்குக் கூலிப்பணம் எந்தக் கணக்கிலிருந்து என்ற ஆறும் இருந்தால்தான் அது தீர்மானம். சரணாலயத்துக்கு வெளியே உள்ள ஊர்களில் உள்ளாட்சி அமைக்கும் பல்லுயிர் மேலாண்மைக் குழு வழியாக இதைக் கொண்டுபோகலாம். சமூக வன வள உரிமை (ஊர் மக்களே தங்கள் காட்டைப் பேணி நிர்வகிக்கும் உரிமை) பெற்ற பகுதியானால் வன உரிமைச் சட்டம், 2006-இன்படி கிராம சபையிடம் முதலில் பேச வேண்டும். வனத்துறையின் அனுமதிக் கடிதம் மட்டும் போதும் என்று நினைத்துவிடக் கூடாது.

அனுமதி இல்லாமல் ஒரு செடியும் பிடுங்க முடியாது, அது களையாகவே இருந்தாலும். சரணாலயத்துக்குள் நுழைவதற்கு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27, 28 பிரிவுகளும், அங்கிருந்து எதையும் அழிப்பதற்கும் எடுப்பதற்கும் 29-ஆம் பிரிவும் குறுக்கே நிற்கும். நல்ல எண்ணம் சட்டத்தில் விலக்கு ஆகாது.

இனி வேலைக்கு வருவோம். உண்ணிச்செடியைத் தரையோடு அரிவாளால் வெட்டுவதுதான் பரவலாக நடக்கும் தவறு. தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியிலிருந்துதான் புதுத் துளிர் கிளம்புகிறது. மேலே வெட்டினால் ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்தாறு வரும். தீ வைத்தாலும் கதை அதேதான். மண்ணுக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே, அந்தக் கழுத்துக்கு அடியில், ஆணிவேரைக் கொத்துக் கருவியால் வெட்ட வேண்டும். பிறகு புதரை அப்படியே தூக்கி வேர் மேலாகத் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். வேர் மண்ணைத் தொட்டால் மீண்டும் பிடித்துக்கொள்ளும். காய்ந்த குவியலை உயிருள்ள மரத்தின் அடியில் சாய்த்து வைக்காதீர்கள்; தீக்காலத்தில் நெருப்பு அந்த வழியாகத்தான் மரத்தில் ஏறும்.

மண் ஈரமாக இருக்கும்போது இந்த வேலைக்குப் பாதி வலுப் போதும். பழம் கறுக்கும் முன்பே முடித்துவிட வேண்டும். கறுத்த பழத்தோடு செடியை இழுத்துப் போனால் இழுத்த வழியெல்லாம் விதைத்தது போலாகிவிடும்.

பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் ஒரு குழு வேண்டாம். 20 மீட்டருக்கு 20 மீட்டர் கட்டங்களாகக் கயிறு கட்டிப் பிரித்தால் ஒரு ஹெக்டேருக்கு 25 கட்டங்கள். வெட்டத் தொடங்கும் முன், இரண்டு பேர் புதருக்குள் நுழைந்து பார்த்து, உள்ளே நிற்கும் நம் மரக்கன்றுகளில் நிறத் துணி கட்ட வேண்டும். நெல்லியும் வேங்கையும் அந்த நிழலில் முழங்கால் உயரத்துக்கு நின்றுகொண்டிருக்கும். அவசரக்காரர்களின் அரிவாளுக்கு முதலில் சிக்குவதும் அவைதான். வேலை முடிந்ததும் துணிகளை எண்ணி அவிழ்த்து எடுத்துவிடுங்கள். இப்படித் தப்பும் கன்றுகள் போதுமான அளவில் இருந்தால் புதிதாக மரம் நடத் தேவையே இருக்காது. நட்டுப் படம் எடுக்கும் ஆசைக்குக் குழு இடம் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. பல இடங்களில் மரத்தைவிட அந்தக் காட்டின் சொந்தப் புல் வகைகள்தான் முதல் தேவை. விதையையும் அக்கம்பக்கத்துக் காட்டிலிருந்தே எடுக்க வேண்டும்.

ஓடைக்கரையிலும் செங்குத்தான சரிவிலும் முழுவதையும் ஒரே ஆண்டில் வழிக்காதீர்கள், மண் போய்விடும். பட்டை பட்டையாக விட்டு விட்டு எடுக்கலாம்.

மஞ்சள் பூ பூக்கும் அயல் கொன்றையை (சென்னா ஸ்பெக்டாபிலிஸ்) அகற்றும் இடங்களில் இன்னொரு ஆபத்து: நம் சரக்கொன்றையும் சேர்ந்து போய்விடுகிறது. சரக்கொன்றையின் பூக்கொத்து கீழே தொங்கும். ஓர் இலையில் நாலு முதல் எட்டு ஜோடி பெரிய சிற்றிலைகள். அயல் கொன்றையின் கொத்து மேல்நோக்கி நிற்கும். சிற்றிலைகள் சிறியவை, ஜோடிகளும் பத்துக்கு மேல். பூவில்லாத காலத்தில் சிற்றிலையை எண்ணித்தான் முடிவு செய்ய வேண்டும்.

பாதுகாப்பில் சமரசம் கிடையாது. அடர்ந்த உண்ணிப்புதருக்குள் காட்டெருமையோ கரடியோ படுத்திருக்கலாம். வேட்டைத் தடுப்புக் காவலர் முன்னே போய்ப் பார்த்துச் சொல்லாமல் எவரும் கொத்துக் கருவியைத் தொடக் கூடாது. முழுக்கைச் சட்டை, காலுறைக்குள் செருகிய கால்சட்டை, தடித்த கையுறை கட்டாயம். திரும்பியதும் உடலில் இரத்தம் குடிக்கும் உண்ணிப்பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் காட்டுக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். சிற்றுண்ணி, உண்ணிக் கடியால் பரவும் ஸ்க்ரப் டைஃபஸ், குரங்குக் காய்ச்சல் போன்றவை அந்த ஒரு தகவல் இல்லாமல் தவறிப்போகின்றன.

மறுசுற்று குறைந்தது மூன்று ஆண்டு. மண்ணில் கிடக்கும் விதைகள் ஒரே மழையில் தீர்வதில்லை. பறவைகள் வந்து உட்காரும் பெரிய மரங்களின் அடியை ஒவ்வொரு முறையும் தனியாகத் தேடுங்கள், எச்சத்தோடு விழும் விதை அங்கேதான் முளைக்கும். இளஞ்செடியை ஈர மண்ணில் கையாலேயே பிடுங்கிவிடலாம். பதிவேட்டில் துளிர்த்தவற்றையும் விதையில் முளைத்தவற்றையும் தனித்தனியாக எண்ணி எழுத வேண்டும். துளிர்கள் மிகுந்திருந்தால் வெட்டிய முறை தவறு, ஆட்களுக்கு மறுபடி பயிற்சி தேவை. முளைகள் மிகுந்திருந்தால் முறை சரிதான், பூக்கும் முன் இன்னொரு சுற்று வர வேண்டும். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதும் அறிக்கையால் குழுவுக்கு ஒரு பயனும் இல்லை.

கூலி விஷயம் ஒன்று உண்டு, பலர் பேசத் தயங்குவது. அடிவாரத்துப் பழங்குடியினருக்குக் கூலியாகப் போக வேண்டிய முதல் வெட்டு வேலையைத் தன்னார்வலர்கள் இலவசமாகச் செய்து கொடுப்பது நியாயமில்லை. வேலை தெரிந்தவர்களும் அவர்கள்தான். தன்னார்வலர்கள் கட்டம் பிரிப்பது, கன்றுக்குத் துணி கட்டுவது, நிலத்தில் அடித்து வைத்த ஒரே அடையாளக் குச்சியிலிருந்து நாலு திசையிலும் ஆண்டுதோறும் படம் எடுப்பது, மறுசுற்றில் முளை எண்ணுவது ஆகியவற்றை எடுத்துக்கொள்ளட்டும். குழுவின் ஊராட்சி உறுப்பினர்கள் கூலிப்பட்டியலையும் அந்த எண்ணிக்கைத் தாளையும் ஒரே கூட்டத்தில் மேசையில் வைக்கச் சொல்லிக் கேட்கலாம்.