இரவுச் சாப்பாடு, நெஞ்செரிச்சல், ஈர்ப்பு விசை

விண்வெளி வீரர்களுக்கு ஒரு ஏப்பம் விடுவதே சங்கடமான விஷயம். நம் வயிற்றில் சாப்பாடு கீழே தங்கும், காற்று மேலே நிற்கும். அதனால் ஏப்பத்தில் காற்று மட்டும் வெளியேறும். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அனைத்துலக விண்வெளி நிலையத்தில் எடையே தெரியாது. வயிற்றுக்குள் எல்லாம் கலந்து கிடப்பதால் ஏப்பத்தோடு சாப்பிட்டதும் தொண்டைக்கு ஏறிவிடும்.

விழுங்குவதற்கு ஈர்ப்பு விசை அவசியமில்லை. 1962இல் அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றியபடியே ஆப்பிள் கூழ் சாப்பிட்டுக் காட்டினார். உணவுக்குழாய்த் தசைகளே உணவைத் தள்ளிவிடும். ஆனால் உள்ளே போனது திரும்பி வராமலிருக்க, உணவுக்குழாயின் அடியிலுள்ள தசை வளையத்துக்கு ஈர்ப்பு விசையும் கைகொடுக்கிறது. படுத்தவுடன் அந்த உதவியை இழக்கிறோம், வயிற்று அமிலம் மேலேறி நெஞ்செரிச்சல் வரலாம்.

நெஞ்செரிச்சலோடு என் கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, "சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்துப் படுக்கிறீங்க?" கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் ஒரு தம்பி சொன்னார்: "உடனேதான் டாக்டர். காலையில அஞ்சு மணிக்கு லாரி வந்துடும்." அவரிடம் மூன்று மணி நேரம் காத்திருங்கள் என்று சொல்வது நியாயமில்லை. சாயங்கால இடைவேளையிலேயே வயிறாரச் சாப்பிடுங்கள், விடுதிக்குப் போனபின் கொஞ்சமாக, எண்ணெய் இல்லாமல் சாப்பிடுங்கள் என்றேன். முடிந்தவர்கள் இரண்டு மூன்று மணி நேரம் கழித்தே படுக்கவேண்டும். நள்ளிரவுப் புரோட்டாவும் ஆட்டுக்கறியும் வயிற்றை விட்டு இறங்கவே நேரமாகும்.

தலையணை விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். இரண்டு மூன்றை அடுக்கினால் கழுத்தும் இடுப்பும் மடங்கி வயிறுதான் அழுந்தும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் உறுதியான கட்டை வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். உடம்பு முழுவதும் சரிவாக இருக்கும். அப்புறம், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். அப்போது இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே அமையும், அமிலம் ஏறுவது குறையும். இது காசில்லாத வைத்தியம், மாத்திரைக்கு முன்பே செய்து பார்க்கலாம்.

விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, கறுத்த மலம், ரத்த வாந்தி, இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு இறுக்கி வியர்த்துக் கொட்டினால், வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், "கேஸ்தான்" என்று சோடா குடித்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே சிங்கப்பூரின் ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழையுங்கள்.