வார்ம் அப் என்றால் வெப்பமூட்டலா?

கோடை விடுமுறை வந்தால் தஞ்சை, மன்னார்குடிப் பக்கம் கபடி முகாம் நோட்டீஸ்கள் முளைத்துவிடும். காலை 6 மணி என்று போட்டு முதல் வரியே ‘உடல் வெப்பமூட்டல்’; ஆட்டத்துக்கு முன் உடலைத் தயார் செய்யும் வார்ம் அப்புக்குத்தான் இந்தப் பெயர். சித்திரை வெயிலில் இதற்கு மேல் என்ன சூடு என்று பையன் அரைமணி நேரம் கழித்து வந்தால் அவனைக் குறை சொல்ல முடியாது.

சொல்லின் கதை சின்னதுதான். வார்ம் என்றால் வெதுவெதுப்பு. அப் சேர்ந்தால் மெல்ல ஏறுவது. ஆட்டக்காரன் தொடைக்கும் பாட்டுக்காரர் தொண்டைக்கும் ஆங்கிலத்தில் இது ஒன்றே.

மொழிபெயர்த்தவர் அகராதியின் முதல் பொருளை வெட்டி ஒட்டிவிட்டார். நம் பேச்சில் உடம்புச் சூடு என்பது நோய்: நீர்க்கடுப்பு, கட்டி, கண்ணெரிச்சல், வைத்தியம் எண்ணெய்க் குளியல். ‘ஊட்டல்’ வேறு, யாரோ வெளியிலிருந்து அடுப்பு மூட்டுவதுபோல. தசையோ தன் உழைப்பால் தானே சூடேறுகிறது. ஓய்வில் 35, 36 டிகிரி செல்சியஸில் இருக்கும் தொடைத் தசை, பத்து நிமிட ஓட்டத்தில் 38ஐ ஒட்டி வரும். ஒரு டிகிரி ஏறினால் பாய்ச்சலுக்கான திறன் 2 முதல் 5 சதவீதம் கூடும்; நரம்புச் செய்தி விரையும், தசையின் விறைப்பு தளரும், ரத்தம் ஆக்சிஜனை எளிதாக விடும். வெயிலில் தோல் காய்வது வேறு, தசை வேலைக்கு இறங்குவது வேறு.

இன்னும் மோசம், வார்ம் அப்புக்குச் சிலர் எழுதும் ‘தசைநீட்டல்’. இதை நம்பிப் பின்தொடையை ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் இழுத்துப் பிடிக்க வைக்கிறார்கள். வளைவு கூடும், ஆனால் சிறிது நேரத்துக்குத் தசையின் பலம் சுமார் 5 சதவீதம் இறங்கும். எதிரணிப் பக்கம் பாடிப் போகும் ரெய்டில் நடுக்கோட்டுக்குத் திரும்பித் தாவ வேண்டிய கால் அது.

‘ஆயத்தம்’ பரவாயில்லை. ஆனால் ஷூ நாடா கட்டுவதும் ஆயத்தம்தானே.

நம்மிடம் ‘பதம்’ இருக்கிறது. சொல்லைக் குறிக்கும் வடமொழிப் பதம் வேறு, இது வேறு. குறளின் ‘எண்பதத்தான்’ செவ்வியை, அதாவது ஏற்ற சமயத்தைச் சொல்கிறது. மண்ணுக்குப் பதம், சோற்றுக்குப் பதம். ஊதும் நாக்கான திருவாவடுதுறைச் சீவாளியை வாயில் ஈரமாக்கி, ஊதிப் பார்த்து, நாதஸ்வரத்தில் செருகுவதும் பதம் பார்த்துத்தான். ‘பதப்படுத்தல்’ மட்டும் வேண்டாம், அது தோலுக்கும் மீனுக்கும் போய்விட்டது. ‘உடல் பதமாக்கல்’ என்று எழுதினால் என்ன குறை?

செய்முறை: 5 நிமிடம் மெதுவோட்டம், நெற்றியில் வேர்வை அரும்பும்வரை, பேச்சு திணறக் கூடாது. அடுத்த 5 நிமிடம் கால்வீச்சு, முட்டி உயர்த்தல், நடந்தபடியே முட்டி மடக்கி இறங்குதல். பிறகு 20 மீட்டர் ஓட்டம் நான்கு, பாதி வேகத்தில் தொடங்கி முழு வேகம்வரை. அசையாமல் இழுத்துப் பிடிக்கும் நிலைநீட்டல் வேண்டுமென்றால் தசைக்கு 30 விநாடிக்குள். சிறப்பு விருந்தினர் பேச்செல்லாம் இதற்கு முன்பே முடியட்டும்; பதமான பையனைக் கால் மணி நேரம் நாற்காலியில் உட்கார வைத்தால் தசை பழையபடி ஆறிவிடும்.