டிக்கெட் இலவசம், கூலி எப்படி ஏறும்?

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் குடியிருக்கும் ஓர் அக்கா வீட்டு வேலை தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பஸ்ஸுக்குக் காசு கொடுத்தால் கட்டுப்படியாகாது. நடந்து 2 கிலோமீட்டர் போகலாம் என்றால் மல்லேஸ்வரம், ராஜாஜிநகர் பக்கம் சில தெருக்கள், அவ்வளவுதான். அரசு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்று ஆகி, பஸ் ஏறி 6 கிலோமீட்டர் போக முடிந்தால்? தூரம் மூன்று மடங்குதான். ஆனால் வட்டத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், எட்டும் இடம் ஒன்பது மடங்கு. வேலைகள் ஊரெங்கும் சீராக இறைந்து கிடப்பதில்லை என்பது வேறு விஷயம்.

விற்பவர் ஒருவரே என்றால் விலை ஏறும். உழைப்பை வாங்குபவர் ஒருவரே என்றால் கூலி இறங்கும். பிரிட்டிஷ் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1933-இலேயே இதை விளக்கிவிட்டார். நடை தூரத்தில் நாலைந்து வீடுகள்தான் என்றால் அவர்கள் சொல்வதுதான் சம்பளம். இங்கேதான் சுவாரசியம்: அக்கா இன்னும் தள்ளியிருக்கும் சதாசிவநகர் வரை போகவே வேண்டாம். போக முடியும் என்று மல்லேஸ்வரத்து வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிந்தாலே, ஐந்நூறு ரூபாய் கூட்டிக் கேட்கும்போது பேச்சு வேறு மாதிரி போகும். ‘ஓசி டிக்கெட்’ என்று முணுமுணுப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை.

இன்னொன்று. ஆண்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்து நேராக வேலைக்குப் போய்த் திரும்புகிறார்கள். பெண்கள் நடுவே பள்ளி, ரேஷன் கடை என்று ஏறி இறங்குகிறார்கள். ஒவ்வோர் ஏற்றத்துக்கும் குறைந்தபட்சக் கட்டணம் என்பதால், ஒரே நீண்ட பயணத்தைவிட மூன்று குட்டிப் பயணங்களுக்குச் செலவு பெரும்பாலும் அதிகம். டிக்கெட் இலவசமானால் அந்தச் சுமை போகிறது.

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் வந்த இந்த இலவசப் பயண ஏற்பாடு, கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 அன்று ‘சக்தி’ என்ற பெயரில் தொடங்கியது. ஏசி பஸ்ஸில் செல்லாது. கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டையும் வேண்டும். போன மாதம் தர்மபுரியிலிருந்து வந்தவர் தமிழ்நாட்டு ஆதாரைக் காட்டினால் டிக்கெட் எடுத்தாக வேண்டும்.

சரி, காசுத் தடை போனது. நேரம்? 2019-இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97. மூன்றரை மணிக்குப் பள்ளி விடும் என்றால், டிராஃபிக்கில் நிற்கும் இலவச பஸ், அக்கா எட்டும் அந்த வட்டத்தை மறுபடி சுருக்கிவிடும். அதைத் திரும்ப விரிக்கப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இடம் வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் கட்டாயம் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். நாலு வீட்டில் வேலை பார்ப்பவருக்கு அந்தச் சட்டத்தில் இடமிருக்கவில்லை.