அக்னிவீர் உடல்தகுதித் தேர்வு: ஓட்டத்துக்கு எவ்வளவு, பீமுக்கு எவ்வளவு

ராணுவத்தில் அக்னிவீராகச் சேர முயலும் இளைஞர்களில் பெரும்பாலோர் ஓட்டத்துக்கு மட்டுமே தயாராகிறார்கள். மாதக்கணக்கில் அதிகாலையில் எழுந்து மைதானத்தைச் சுற்றி வருபவர்கள், அதே மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் இரும்புக் கம்பியைத் தொடுவதே இல்லை. உடல்தகுதித் தேர்வின் மதிப்பெண் முறையை ஒருமுறை நிதானமாகப் படித்திருந்தால் அவர்கள் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள். எல்லோரும் பார்க்கும்படி அறிவிக்கையிலேயே அச்சிடப்படும் இந்தக் கணக்கை, தேர்வுக்குப் போகிறவர்களும் அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோரும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

முதலில் திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி, தேர்வாகிறவர்கள் நான்கு ஆண்டுகளுக்குப் பணியில் சேர்க்கப்படுகிறார்கள். அந்தக் காலம் முடிந்ததும் ஒவ்வோர் அணியிலும் 25 சதவீதம் பேர் வரை நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள். 2023 முதல் தரைப்படையில் ஆட்சேர்ப்பின் வரிசை மாற்றப்பட்டு, முதலில் கணினிவழிப் பொது நுழைவுத் தேர்வும், அதில் தேறியவர்களுக்கு மட்டும் ஆட்சேர்ப்பு முகாமும் நடத்தப்படுகின்றன. முகாமில் உடல்தகுதித் தேர்வு, உடல் அளவீடு, மருத்துவப் பரிசோதனை ஆகியவை நடைபெறும். தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி ஆகிய இடங்களில் உள்ள ஆட்சேர்ப்பு அலுவலகங்கள் தத்தம் மாவட்டங்களுக்கு இந்த முகாம்களை நடத்துகின்றன.

ஆண்களுக்கான உடல்தகுதித் தேர்வு மொத்தம் 100 மதிப்பெண்களுக்கு நடக்கிறது. இதில் 60 மதிப்பெண் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்கும், 40 மதிப்பெண் கம்பியில் தொங்கி மோவாய் கம்பிக்கு மேலே வரும்வரை உடலை ஏற்றும் பயிற்சிக்கும் உரியவை. இதைத்தான் முகாமில் ‘பீம்’ என்கிறார்கள். இவற்றோடு 9 அடிப் பள்ளத்தைத் தாண்டுவதும், ஜிக்ஜாக் பேலன்ஸ் எனப்படும் வளைந்து வளைந்து செல்லும் குறுகலான கட்டையின் மேல் விழாமல் நடந்து கடப்பதும் உண்டு. இவ்விரண்டுக்கும் மதிப்பெண் கிடையாது. ஆனால் தேறியே ஆக வேண்டும்.

ஓட்டத்தை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடிப்பவர் முதல் பிரிவில் இடம்பெற்று 60 மதிப்பெண்ணையும் முழுதாகப் பெறுகிறார். 5 நிமிடம் 31 விநாடியிலிருந்து 5 நிமிடம் 45 விநாடிக்குள் வருபவருக்கு 48 மதிப்பெண். பல ஆண்டுகளாக இந்த இரண்டு பிரிவுகள் மட்டுமே இருந்தன. அதற்குப் பின்னால் ஒரு விநாடி தாமதித்தாலும் வெளியே போக வேண்டியதுதான். 2025-26 ஆட்சேர்ப்பு ஆண்டிலிருந்து இன்னும் இரண்டு பிரிவுகள் சேர்க்கப்பட்டு, 6 நிமிடத்துக்குள் வருபவருக்கு 36 மதிப்பெண்ணும், 6 நிமிடம் 15 விநாடிக்குள் வருபவருக்கு 24 மதிப்பெண்ணும் வழங்கப்படுகின்றன. 400 மீட்டர் தடத்தில் இது நான்கு சுற்று. முதல் பிரிவுக்குள் வர ஒரு சுற்றுக்குச் சராசரியாக 82 விநாடிகள்தான் கிடைக்கும். ஒரே நேரத்தில் பெருங்கூட்டமாக ஓடவிடுவதால் முதல் சுற்றில் தள்ளுமுள்ளு ஏற்படுவது வழக்கம். அந்த நெரிசலில் பதறி முழு வேகத்தையும் முதல் 400 மீட்டரிலேயே செலவழித்துவிட்டு, மூன்றாவது சுற்றில் கால் கனத்துப் பின்தங்குகிறவர்கள் ஏராளம். தனியாக ஓடிப் பழகியவர்கள் வாரத்தில் ஒரு நாளாவது நாலைந்து பேரோடு சேர்ந்து நேரம் பார்த்து ஓட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

இப்போது பீமுக்கு வருவோம். 10 முறை ஏறினால் 40 மதிப்பெண், 9 முறைக்கு 33, 8 முறைக்கு 27, 7 முறைக்கு 21, 6 முறைக்கு 16. ஆறுக்குக் கீழே போனால் தேர்ச்சி இல்லை. முதல் பிரிவில் ஓடி வந்து 6 முறை மட்டும் பீம் ஏறியவருக்கு 60-உம் 16-உம் சேர்ந்து 76 மதிப்பெண் கிடைக்கிறது. 15 விநாடி பின்தங்கி இரண்டாம் பிரிவில் வந்தவர் 10 பீம் எடுத்தால் அவருக்கு 88. மூன்றாம் பிரிவில், அதாவது 6 நிமிடத்தில் ஓட்டத்தை முடித்தவர்கூட 10 பீம் எடுத்தால் அதே 76 மதிப்பெண்ணை எட்டிவிடுகிறார். ஓட்டத்தில் 15 விநாடி குறைக்கப் பல மாதங்கள் படும் பாட்டை நினைத்துப் பார்த்தால், இரண்டு பீம் கூடுதலாக எடுப்பதற்குச் செலவழிக்கும் உழைப்பு எவ்வளவு பயன் தருகிறது என்பது விளங்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஓடி முடித்த களைப்பு முழுதாகத் தீரும் முன்பே கம்பியைப் பிடிக்க நேரிடலாம், உடலை ஆட்டியும் காலை உதைத்தும் ஏறினால் அந்த முறை எண்ணப்படாமல் போகலாம். ஆகவே வீட்டில் ஓய்வாக இருக்கும்போது 10 எடுக்க முடிகிறது என்பதை வைத்து நம்பிவிடாமல், ஓட்டத்துக்குப் பிறகு எத்தனை எடுக்க முடிகிறது என்பதையே அளவாகக் கொள்ள வேண்டும்.

உடல் அளவீட்டில் மாநிலத்துக்கு ஏற்ப வேறுபாடு உண்டு. தமிழ்நாடு, புதுச்சேரி உள்ளிட்ட தென்மண்டலத்துக்கு, ஜெனரல் டியூட்டி எனப்படும் பொதுப்பணிப் பிரிவில் உயரம் 166 சென்டிமீட்டர், தொழில்நுட்பப் பிரிவில் 165, எழுத்தர் பிரிவில் 162 என்று விதிக்கப்பட்டுள்ளது. மார்பளவு 77 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். மூச்சை இழுக்கும்போது குறைந்தது 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். எடை, உயரத்துக்கும் வயதுக்கும் ஏற்றதாக இருந்தால் போதும். படைவீரர்கள், முன்னாள் படைவீரர்கள் ஆகியோரின் மகன்களுக்கு உயரத்தில் 2 சென்டிமீட்டரும் மார்பளவில் 1 சென்டிமீட்டரும் தளர்வு உண்டு. உரிய சான்றிதழைக் கையில் கொண்டுபோகாததால் இந்தத் தளர்வை இழப்பவர்களை நினைத்தால் மிகவும் வருத்தமாக இருக்கிறது.

பெண்கள் ராணுவக் காவல் பிரிவில் அக்னிவீராகச் சேரலாம். அவர்களுக்கு உயரம் 162 சென்டிமீட்டர். 1.6 கிலோமீட்டரை முதல் பிரிவினர் 7 நிமிடம் 30 விநாடிக்குள்ளும், இரண்டாம் பிரிவினர் 8 நிமிடத்துக்குள்ளும் ஓடி முடிக்க வேண்டும். பீமுக்குப் பதிலாக 10 அடி நீளம் தாண்டுதலும் 3 அடி உயரம் தாண்டுதலும் உள்ளன. இவற்றில் தேறினால் போதும்.

ஓட்டத்திலும் பீமிலும் முழு மதிப்பெண் பெற்றவர்கள் மருத்துவப் பரிசோதனையில் நின்றுபோவது உண்டு. முழங்கால்கள் ஒன்றோடொன்று உரசுதல், தட்டைப் பாதம், காலில் நரம்பு சுருண்டிருத்தல், பார்வைக் குறைபாடு முதலியவை வழக்கமான காரணங்கள். காதில் அழுக்கு அடைத்திருப்பதும் பற்களில் காறை படிந்திருப்பதும்கூடத் தடையாகலாம் என்பதால், முகாமுக்கு வருமுன் இவற்றைச் சுத்தம் செய்துகொள்ளும்படி அறிவிக்கையிலேயே கேட்டுக்கொள்ளப்படுகிறது. அரசு மருத்துவமனையில் ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை இது. பச்சை குத்துவதற்கும் கட்டுப்பாடு உண்டு: முன்கையின் உட்பக்கத்திலும் புறங்கையிலும் தவிர வேறு இடங்களில் நிரந்தரமாகக் குத்தியிருந்தால், பழங்குடியினருக்கு உள்ள விலக்கு நீங்கலாக, ஏற்கப்படாது. தகுதியில்லை என்று சொல்லப்பட்டவர் அதோடு வீடு திரும்பிவிட வேண்டியதில்லை. குறிப்பிடப்பட்ட ராணுவ மருத்துவமனையில் சிறப்பு மருத்துவரிடம் மறு ஆய்வு கோர அவருக்கு உரிமை உண்டு. அதற்கு 5 நாட்களுக்குள் அங்கு நேரில் சென்றாக வேண்டும். அந்த ஆய்வே முடிவானது.

நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பதாரர் செலுத்த வேண்டிய கட்டணம் 250 ரூபாய் மட்டுமே. அதே அளவு தொகையை ராணுவம் ஏற்கிறது. முகாமில் வேறு எந்தக் கட்டணமும் இல்லை. மதிப்பெண்கள் கடிகாரத்தாலும் கம்பியாலும் முடிவாகும் இந்தத் தேர்வில், ‘உள்ளே ஆள் இருக்கிறார்’ என்று சொல்லிப் பணம் கேட்கும் இடைத்தரகரால் ஒரு விநாடியைக்கூடக் குறைக்க முடியாது. ஊக்க மருந்து எடுத்துக்கொண்டது தெரியவந்தால் தகுதி நீக்கம் செய்யப்படும். ஓட்டத்தில் அடிபட்டால் இழப்பீடு கோர முடியாது என்று உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட்ட பிறகே களத்தில் இறங்க வேண்டும் என்பதையும் வீட்டார் அறிந்திருக்க வேண்டும். காய்ச்சலோடும் சுளுக்கோடும் பிள்ளையை அனுப்புவது சரியல்ல.

தேர்வானதும் உடல்தகுதிச் சோதனை முடிந்துவிடுவதில்லை. பணியில் இருக்கும் வீரர்களுக்குப் போர்க்கள உடல்திறன் தேர்வு (பி.பி.இ.டி.), உடல் தேர்ச்சித் தேர்வு (பி.பி.டி.) என்ற இரு தேர்வுகள் குறிப்பிட்ட இடைவெளியில் நடத்தப்பட்டு வந்துள்ளன. முதலாவதில் 5 கிலோமீட்டர் ஓட்டம், 60 மீட்டர் விரைவோட்டம், செங்குத்தான கயிற்றில் ஏறுதல், கிடைமட்டக் கயிற்றைப் பிடித்துக் கடந்து செல்லுதல், 9 அடிப் பள்ளம் தாண்டுதல் ஆகியவை அடங்கும். இரண்டாவதில் 2.4 கிலோமீட்டர் ஓட்டம், 100 மீட்டர் விரைவோட்டம், பீம், வயிற்றுத் தசைப் பயிற்சி முதலியவை உள்ளன. வயதுக்கு ஏற்ப நேர வரம்பு தளர்த்தப்படும். நான்காம் ஆண்டின் இறுதியில் நிரந்தரப் பணிக்கு 25 சதவீதத்தினரைத் தேர்ந்தெடுக்கும்போது, பணிக்காலம் முழுவதும் பெற்ற மதிப்பீடுகளே பார்க்கப்படுகின்றன. அவற்றில் உடல்தகுதித் தேர்வுகளின் முடிவுகளும் அடங்கும்.