பச்சை விளக்கு சிமிட்டும் அந்த அரை நிமிடம்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வீட்டில் ஏற்கெனவே ஃபைபர் கனெக்‌ஷன் இருந்தது. அடிக்கடி கட் ஆகிறதே என்று வேறு கம்பெனிக்கு மாறினோம். வந்த தம்பி பழைய கேபிளைத் தொடவே இல்லை. புதிதாக ஒன்றை இழுத்து, சுவரில் இன்னொரு ஓட்டை போட்டு, இன்னொரு மோடம் மாட்டிவிட்டுப் போனார். செல்போனில் நம்பரை மாற்றாமலே கம்பெனி மாறுகிறோமே, இதற்கு மட்டும் ஏன் இத்தனை பாடு? பழைய மோடத்தையாவது பயன்படுத்தியிருக்கக் கூடாதா?"

போன மாதம்தான் தஞ்சாவூரில் எங்கள் வீட்டிலும் கனெக்‌ஷன் மாற்றினோம். பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செல்போன் நம்பரை வைத்துக்கொண்டே கம்பெனி மாறும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க இருக்கிறது. அங்கே மாறுவது சிம் கார்டும் பதிவேட்டில் ஒரு வரியும்தான். போனுக்கும் டவருக்கும் நடுவே இருக்கும் காற்று எல்லாருக்கும் பொது. ஃபைபரில் நடுவே இருப்பது கண்ணாடி இழை. உங்கள் சுவரிலிருந்து கிளம்பும் இழை தெருக்கம்பத்துப் பெட்டிக்குப் போய், அங்கே மற்ற வீட்டு இழைகளோடு ஒன்றாகச் சேர்ந்து, கடைசியில் அந்த ஒரு கம்பெனியின் எக்ஸ்சேஞ்சில், ஓஎல்டி என்ற கருவியின் ஒரே ஒரு துளையில் போய் முடிகிறது. கம்பெனி மாறினால் துளை மாற வேண்டும். துளை மாறினால் பாதையும் மாறியாக வேண்டும்.

சிங்கப்பூரில் வீடுவரை வரும் இழை பொது. நெட்லிங்க் டிரஸ்ட் என்ற அமைப்பின் கையில் இருக்கிறது. கம்பெனிகள் அதை வாடகைக்கு எடுத்துச் சேவை தருகின்றன. நம் தெருக்களிலும் அப்படிச் செய்யலாம் என்பது என் உறுதியான எண்ணம். ஒரே கம்பத்தில் ஐந்து கம்பெனியின் கறுப்புக் கேபிள்கள் சுருண்டு தொங்குவதை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனிச் செலவு, தனிப் பழுது. அத்தனையையும் கடைசியில் நம் பில்லில்தான் கட்டுகிறோம்.

கண்ணாடிக்குள் ஒளி எப்படி ஓடுகிறது என்பது பள்ளியில் படித்ததுதான்: முழு அக எதிரொளிப்பு. நடுவில் சுமார் 9 மைக்ரான் பருமனில் ஓர் உள்ளகம். அதைச் சுற்றி ஒளிவிலகல் எண் சற்றே குறைந்த கண்ணாடி உறை. இரண்டும் சேர்ந்து 125 மைக்ரான், ஏறத்தாழ ஒரு தலைமுடி. 1966-இல் சார்லஸ் காவ், ஜார்ஜ் ஹாக்கம் இருவரும் ஒரு கணக்கு போட்டார்கள். ஒரு கிலோமீட்டர் ஓடிய பிறகு நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினால்கூடத் தொலைத்தொடர்புக்கு இது போதும் என்றார்கள். அன்றைய கண்ணாடி அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. கண்ணாடியிலிருந்து மாசை நீக்க ஆண்டுக்கணக்கில் பணமும் பொறுமையும் போட்ட பிறகு, 1970-இல் கார்னிங் நிறுவனம் அதைத் தாண்டியது. இன்று நம் தெருவில் தொங்கும் சாதாரண இழையில் ஒரு கிலோமீட்டருக்குப் பிறகும் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் மிஞ்சுகிறது. காவுக்கு நோபல் பரிசு கிடைத்தது 2009-இல். உடனே லாபம் வராத ஆய்வுக்குப் பணம் ஒதுக்கத் தயங்குகிறவர்களுக்கு இந்தக் கதையை நான் விடாமல் சொல்லிவருகிறேன்.

இழையை ஒட்டும் வேலையைக் கிட்டத்தில் பார்த்ததுண்டா? வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். எங்கள் தெருக்கம்பத்துக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்த தம்பி கேபிளின் கறுப்புத் தோலை உரித்தார், பிறகு இழையின் நிறப்பூச்சை உரித்தார். ஸ்பிரிட் நனைத்த டிஷ்யூவால் துடைத்தபோது கழுவின கண்ணாடி டம்ளரைத் தேய்த்தாற்போல் கீச்சென்று ஒரு சத்தம். "இந்தச் சத்தம் வந்தா சுத்தமாயிடுச்சுன்னு அர்த்தம் சார்" என்றார். கிளீவரில் வைத்து நுனியை நேராக வெட்டி, வெட்டு விழுந்த துணுக்கை டேப்பில் ஒட்டிவைத்தார். காலில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது. பிறகு இரண்டு நுனிகளையும் ஸ்ப்ளைசிங் மெஷினில் வைத்து மூடினார். திரையில் இரண்டு சாம்பல் நிறத் தூண்கள் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து நேர்ப்பட்டன. நடுவில் ஒரு மின்பொறி. இரண்டு கண்ணாடியும் உருகி ஒன்றானது. இழப்பு 0.02 டெசிபல் என்று திரை காட்டியது. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்து ஒளித்துகள் அந்தப் பக்கம் போய்ச் சேர, ஆயிரத்தில் ஐந்துதான் தவறுகிறது, அதுவும் ரோட்டோரத்தில், ஸ்டூலில் உட்கார்ந்து செய்த வேலையில்.

கம்பத்துப் பெட்டிக்குள் ஸ்ப்ளிட்டர் இருக்கிறது. கரண்ட் வேண்டாத வெறும் கண்ணாடிக் கிளைப்பு. ஒரே இழை, 32 அல்லது 64 வீடுகள். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஒளி, அலைநீளம் 1490 நானோமீட்டர், எல்லா வீட்டுக்கும் சமமாகப் பிரிந்து போகிறது. ஆமாம், பக்கத்து வீட்டுக்கு உரிய தகவலும் உங்கள் மோடம்வரை வருகிறது. மோடம் தன் பெயர் எழுதியதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். பூட்டி அனுப்பவும் வழி உண்டு. சிக்கலெல்லாம் எதிர்த் திசையில்.

வீட்டிலிருந்து போகும் ஒளிக்கு அலைநீளம் 1310. முப்பத்திரண்டு வீடுகளும் அதே அலைநீளத்தில், அதே இழையில், எக்ஸ்சேஞ்சில் உள்ள ஒரே ஓர் ஒளியுணரியை நோக்கிப் பேச வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் இருவர் பேச்சும் கெட்டது. அதனால் ஒவ்வொரு மோடத்துக்கும் முறை வைத்திருக்கிறார்கள். 125 மைக்ரோ வினாடி ஒரு சுற்று. ஒரு வினாடிக்கு 8,000 சுற்று. தன் முறை இல்லாத நேரத்தில் மோடத்தின் லேசர் அணைந்தே இருக்க வேண்டும். ஒரு வீட்டுப் பேச்சு முடிந்து அடுத்த வீட்டுப் பேச்சு தொடங்க விடும் இடைவெளி 32 பிட். அதாவது சுமார் 26 நானோ வினாடி. அந்த நேரத்துக்குள் இழையில் ஒளி கடப்பது வெறும் ஐந்து மீட்டர்.

இப்போது தூரத்தைப் பாருங்கள். இழைக்குள் ஒரு கிலோமீட்டர் போக ஒளிக்கு 5 மைக்ரோ வினாடி ஆகிறது. எக்ஸ்சேஞ்சிலிருந்து 300 மீட்டரில் இருக்கும் வீட்டுக்குப் போய்த் திரும்ப 3 மைக்ரோ வினாடி. 3 கிலோமீட்டரில் இருக்கும் வீட்டுக்கு 30. வித்தியாசம் 27. அதற்குள் 33,000 பிட்டுக்கு மேல் அனுப்பிவிடலாம். கல்யாணத்துக்குத் திருநெல்வேலிச் சொந்தமும் திருச்சிச் சொந்தமும் ஒரே நேரத்தில் கிளம்பினால் ஒரே நேரத்தில் வந்து சேர முடியாதில்லையா? அதே கதைதான் இங்கும். எக்ஸ்சேஞ்சுக்குக் கிட்டத்தில் இருக்கும் வீடு கொஞ்சம் காத்திருந்து அனுப்ப வேண்டும். எவ்வளவு காத்திருப்பது? அதற்குத் தூரம் தெரிய வேண்டும். புதிதாக மாட்டிய மோடத்தின் தூரத்தை யார் அளந்து சொல்வது?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஓஎல்டி அவ்வப்போது எல்லா வீடுகளையும் வாய்மூடச் சொல்கிறது. சுமார் 250 மைக்ரோ வினாடி, இரண்டு சுற்று நேரம், இழையில் யாரும் பேசுவதில்லை. "புதிதாக வந்தவர் யாராவது உண்டா?" என்ற அழைப்பு மட்டும் போகிறது. புது மோடம் அந்த மௌனத்துக்குள் தன் சீரியல் நம்பரைச் சொல்கிறது. தெருவில் கரண்ட் போய் வந்தால் இருபது மோடம் ஒன்றாக விழித்துக்கொள்ளுமே, எல்லாம் ஒரே நேரத்தில் கத்தாதா? அதற்காகத்தான் ஒவ்வொரு மோடமும் 48 மைக்ரோ வினாடிக்குள் தன்னிச்சையாக ஏதோ ஒரு நேரம் தாமதித்துப் பதில் சொல்கிறது. அப்படியும் மோதினால் அடுத்த மௌனத்தில் மறுபடி சொல்லலாம். பெயர் பதிவேட்டில் இருந்தால் ஓஎல்டி ஓர் எண் கொடுக்கும். பிறகு ஒரு கேள்வி அனுப்பி, பதில் வர ஆகும் நேரத்தை அளக்கும். அதை வைத்து, "நீ ஒவ்வொரு முறையும் இவ்வளவு பொறுத்து அனுப்பு" என்று மோடத்துக்குச் சொல்லிவிடும். அதன்பின் ஓஎல்டியின் பார்வையில் எல்லா வீடுகளும் ஒரே தூரத்தில் இருக்கின்றன. மோடத்தில் 'பான்' என்று எழுதிய பச்சை விளக்கு சிமிட்டிச் சிமிட்டி நிலைக்கு வரும் அந்த அரை நிமிடத்தில் இத்தனையும் நடந்து முடிகிறது.

எங்கள் வீட்டில் அது நிலைக்கு வரவே இல்லை. ஒளியின் பலத்தை அளக்கும் பவர் மீட்டரில் மைனஸ் 19 காட்டியது. ஒளி தாராளமாகவே வந்தது. மைனஸ் 27-க்குக் கீழே போனால்தான் இந்த மோடங்களுக்குச் சிரமம். ஆனாலும் மாலைவரை சிமிட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் கண்டுபிடித்தோம். சீரியல் நம்பர் என்பது நான்கு எழுத்தும் எட்டு இலக்கமும். அந்த எட்டில் 'பி' (B) என்ற ஆங்கில எழுத்தும் வரலாம். ஆபீஸில் பதிந்தவர் ஒரு 'பி'யை 8 என்று பதிந்திருந்தார். எங்கள் மோடம் ஒவ்வொரு மௌனத்திலும் தன் பெயரைச் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பதிவேட்டில் அந்தப் பெயர் இல்லை. திருத்திய சில நொடிகளில் விளக்கு நிலைத்தது.

வாசகியின் பழைய மோடத்துக்கும் இதுதான் விடை. அதன் பெயர் பழைய கம்பெனியின் பதிவேட்டில் இருக்கிறது, புதுக் கம்பெனியில் இல்லை. பதிந்துகொள்ளலாமே என்றால், ஒரு மோடத்தின் லேசர் பழுதாகி அணையாமல் எரிந்தால் முப்பத்திரண்டு வீடுகளும் ஊமையாகிவிடும். அதனால் தாங்கள் சோதித்துப் பார்க்காத பெட்டியைக் கம்பெனிகள் சுலபத்தில் ஏற்பதில்லை. இந்தக் கட்டுப்பாடு எனக்கு நியாயமாகவே படுகிறது.

அளந்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் இல்லை. வெயில் ஏறினால் இழைக்குள் ஒளிக்கு ஆகும் நேரம் மாறுகிறது: கிலோமீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 40 பிக்கோ வினாடி. வெளியே தொங்கும் 10 கிலோமீட்டர் இழை விடியற்காலைக்கும் சித்திரை மாத நண்பகலுக்கும் இடையே 20 டிகிரி சூடானால், போக 8, வர 8 என்று மொத்தம் 16 நானோ வினாடி நகரும். அது இருபது பிட். 32 பிட் இடைவெளியில் இருபது என்பது சின்ன விஷயமில்லை. ஓஎல்டி அதையும் நாள் முழுக்கக் கவனித்து, ஒவ்வொரு வீட்டுக்கும் காத்திருப்பு நேரத்தைத் திருத்திக்கொண்டே இருக்கிறது.

பழைய மோடத்தைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். பழைய கேபிளை வெட்ட வேண்டாம். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சுருட்டி, பச்சை கனெக்டருக்கு மூடியைப் போட்டு மாட்டிவையுங்கள். அதன் நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. நாளை அந்தக் கம்பெனிக்கே திரும்பினால், மறுபடி சுவரில் ஓட்டை போட வேண்டியிருக்காது.